சொவாவே: சப்பென்று இருப்பது ஒயினா, லேபிளா?

"என்னப்பா இது, தண்ணி மாதிரி இருக்கு!"

இத்தாலியின் சொவாவே ஒயினை முதல்முறை குடிப்பவர்கள் பலர் சொல்வது இதுதான். கொஞ்சம் நாகரிகமான விமர்சகர்கள் இதையே 'நடுநிலையான சுவை' என்று எழுதுவார்கள். பரீட்சையில் தேறாத பையனை அவன் அப்பாவிடம் 'ரொம்ப அமைதியான பையன் சார்' என்று வாத்தியார் சொல்வாரே, அந்த ரகம் :-)

இந்தப் பழி நியாயமானதுதானா? பாதி நியாயம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒயினுக்கு இரண்டு இடங்களில் அநியாயம் நடந்திருக்கிறது. ஒன்று, சாப்பாட்டுத் தட்டு இல்லாத மேசையில். இன்னொன்று, பாட்டிலின் மேல் ஒட்டிய லேபிளில். (ஒயின் பக்கமே போகாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். இதில் பாதி சாப்பாடு, மீதி வியாபாரக் கணக்கு.)

முதலில் ஊர். சொவாவே என்பது ஒயினின் பெயர் ஆவதற்கு முன் ஓர் ஊரின் பெயர். வட இத்தாலியில், வெரோனாவிலிருந்து கிழக்கே விச்சென்சா போகிற வழியில், மதில் சூழ்ந்த சின்ன ஊர். மேலே குன்றில் ஒரு பழைய கோட்டை. கோட்டையைச் சுற்றிச் சரிவெல்லாம் திராட்சை. இந்த ஊருக்கும் பக்கத்து மோன்டெஃபோர்டேவுக்கும் பின்னால் எழும் குன்றுகளில் பெரும்பகுதி பழைய எரிமலைப் பாறை, கறுப்பு பசால்ட். மேற்குப் பக்கம் சுண்ணாம்புக்கல். தெற்கே இறங்கிவிட்டால் வளமான வண்டல் சமவெளி, போட்டதெல்லாம் முளைக்கும் மண். இந்த மேடு பள்ள வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் வில்லன் அதில்தான் ஒளிந்திருக்கிறான்.

திராட்சையின் பெயர் கர்கானெகா. சொவாவே என்று பாட்டிலில் போட வேண்டுமானால் இது குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மீதிக்கு ட்ரெபியானோ டி சொவாவே, ஷார்டனே சேர்க்கலாம். நீளமான, நெருக்கமில்லாத குலை. தாமதமாகப் பழுக்கிற சாதி. செப்டம்பர் பாதிக்கு மேல் ஆரம்பித்து அக்டோபர் வரை பறிப்பார்கள். நம்ம ஊர்ப் புடலங்காய்ப் பந்தல் மாதிரி, மரச் சட்டத்தின் மேல் கொடியை ஏற்றிப் படரவிடுவது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். இந்தச் சரிவுகளின் பாரம்பரியத் தோட்டங்களை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2018-இல் உலக முக்கியத்துவம் உள்ள வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது. கர்கானெகாவின் ஒரே குறை, கேட்டால் கேட்டபடி காய்த்துத் தள்ளும். கொடியைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் மூட்டை மூட்டையாகப் பழம் வரும், ருசி மட்டும் வராது.

கட்டுப்படுத்தி வளர்த்த கொடியிலிருந்து வரும் நல்ல சொவாவே எப்படி இருக்கும்? வாசனை சத்தம் போடாது. வெள்ளைப் பூ, பேரிக்காய், கொஞ்சம் ஆப்பிள். வாயில் மிதமான புளிப்பு, நாக்கின் ஓரத்தில் உப்பு மாதிரி ஒரு சாயல். விழுங்கிய பிறகு கடைசியில், தோல் உரிக்காத பாதாமைக் கடித்தது போல ஒரு மெல்லிய கசப்பு. இந்தக் கடைசிக் கசப்புதான் இந்த ஒயினின் உயிர். தனியாகக் குடித்தால் 'இது எதற்கு?' என்று தோன்றும். சாப்பாட்டோடு குடித்தால் எதற்கு என்று தெரியும்.

இப்போது அந்த மேசைக்கு வரலாம். ஒயினை எடைபோடுகிற இடம் பெரும்பாலும் எப்படி இருக்கும்? வெள்ளை விரிப்பு, வரிசையாகக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய். சுழற்றி, முகர்ந்து, வாயில் வைத்துத் துப்பிவிட்டு, மார்க். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1978-இல் தொடங்கிய இதழ் வழியாகப் பரவிய நூற்றுக்கு இத்தனை என்ற முறை உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. இந்த வரிசையில் ஜெயிப்பது யார்? அதிகமாக மணப்பவன், அதிகமாக இனிப்பவன், ஓக் பீப்பாயில் ஊறி வெனிலா வாசம் அடிப்பவன். இருபதாவது கோப்பைக்கு வரும்போது களைத்துப்போன நாக்குக்கு உரக்கக் கத்துபவன் குரல் மட்டும்தான் கேட்கும். மிருதங்கம் வாசிப்பவரை மேடையில் தனியாக உட்கார வைத்து, 'ஏன் ராகம் பாடவில்லை?' என்று மார்க் குறைப்பது போன்ற வேலை இது.

போதாக்குறைக்கு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு (சூடு எங்கே, குளிரோடு) ஊற்றுவார்கள். நாலைந்து டிகிரியில் எந்த ஒயினுக்கும் வாசனை வராது. சொவாவேவுக்குப் 10 முதல் 12 டிகிரி போதும். வெளியே எடுத்துக் கால் மணி நேரம் வைத்தாலே பாதி 'தண்ணி'ப் புகார் தீர்ந்துவிடும்.

சரி, தட்டை வைத்துப் பார்க்கலாம்.

வெனிஸ் பக்கத்தில் 'ரீசி எ பீசி' என்று ஒன்று. அரிசியும் பச்சைப் பட்டாணியும், அவ்வளவுதான். பட்டாணித் தோலை வேகவைத்த தண்ணீர், வெங்காயம், வெண்ணெய், துருவிய சீஸ். ரிசோட்டோவை விடக் கொஞ்சம் தளர்த்தியாக, சூப்புக்கும் சோற்றுக்கும் நடுவே இருக்கும். ஏப்ரல் 25, புனித மார்க் திருநாளில் வெனிஸ் குடியரசின் தலைவருக்கு இதைப் பரிமாறுவது மரபாம். இளம் பட்டாணியின் இனிப்பு, வெண்ணெயின் வழவழப்பு, இரண்டுமே மென்மையான சுவைகள். இதற்குப் பக்கத்தில் மணம் கொட்டுகிற ஒயினை வைத்தால் பட்டாணி காணாமல் போகும். சொவாவேயை வைத்தால் புளிப்பு வந்து வெண்ணெயைத் துடைக்கும், அந்தப் பாதாம் கசப்பு பட்டாணியின் இனிப்பை எடுத்துக் காட்டும். அடுத்த கரண்டிக்குக் கை தானாகப் போகும்.

இதைவிடப் பெரிய சாட்சி விச்சென்சாவின் பக்கலா. பெயர் பக்கலா என்றாலும் அது உப்புக் கருவாடு இல்லை. நார்வேயின் லோஃபோடென் தீவுகளில் உப்பே போடாமல் குளிர்காற்றில் காயவிட்ட காட் மீன், கட்டை மாதிரி இருக்கும். 1431-இல் கிளம்பிய வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினியின் கப்பல் புயலில் சிக்கி, மிஞ்சியவர்கள் 1432 தொடக்கத்தில் லோஃபோடென் பக்கம் ரோஸ்ட் என்ற தீவில் ஒதுங்கினார்கள். அங்கே பார்த்த மீனைப் பற்றி ஊர் திரும்பிச் சொன்னதில் ஆரம்பித்த உறவு இது என்பது வெனிஸ்காரர்கள் பெருமையோடு சொல்லும் கதை. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடாத கத்தோலிக்க ஊர்களுக்குக் கெட்டுப்போகாத மீன் கிடைத்தால் விடுவார்களா?

அந்தக் கட்டையை இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். பிறகு வெங்காயம், நெத்திலி, துருவிய சீஸ், கொஞ்சம் மாவு, பால், தாராளமாக ஆலிவ் எண்ணெய். மண்சட்டியில் சிறு தீயில் நாலு மணி நேரத்துக்கு மேல். கிளறக் கூடாது, சட்டியை அவ்வப்போது அசைத்துவிடலாம், அவ்வளவுதான். பொலெந்தா என்கிற சோளமாவுக் களியோடு தட்டுக்கு வரும். பாலும் எண்ணெயும் மீனும் ஒன்றாகக் கலந்த கனமான, உப்பான, மிருதுவான பண்டம். மூன்று வாய்க்கு மேல் வாயெல்லாம் பூசிக்கொள்ளும். அங்கேதான் ஒயினின் வேலை. புளிப்பு எச்சிலைச் சுரக்க வைக்கிறது. எச்சில் எண்ணெயைக் கழுவுகிறது. கசப்பு திகட்டலை வெட்டுகிறது. மேசையில் மார்க் வாங்காத அந்த 'நடுநிலை' இங்கே ஒரு வேலைக்காரனின் நிதானமாக மாறிவிடுகிறது.

இதே தட்டுக்குச் சிவப்பு ஒயின் ஏன் ஆகாது? 'மீனுக்கு வெள்ளை' என்பதைப் பழக்கம், பகட்டு என்று சிரிப்பவர்கள் உண்டு. 2009-இல் ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவனத்து ஆய்வாளர்கள் 38 சிவப்பு, 26 வெள்ளை ஒயின்களை ஸ்காலப் என்ற சிப்பி இறைச்சியோடு ருசி பார்க்க வைத்தார்கள். எந்த ஒயினில் இரும்புச் சத்து அதிகமோ அதில்தான் வாயில் கவிச்சி வாடை தங்கியது. இரும்பைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்ததும் வாடை குறைந்தது. ஆக நிறம் அல்ல விஷயம், இரும்பு. சிவப்பில் அது அதிகமாக இருப்பது வழக்கம் என்பதால் பாட்டி சொன்ன விதி பெரும்பாலும் பலித்துவிடுகிறது.

எல்லாத் தட்டுக்கும் சொவாவே பொருந்தும் என்று சொன்னால் அது வேறு வகைப் பொய். வெனிஸின் 'சார்தே இன் சாவோர்' ஒரு நல்ல பரீட்சை. பொரித்த மத்தி மீன், மேலே வினிகரில் வதக்கிய வெங்காயம், உலர்திராட்சை, பைன் விதை. ஒரு நாள் ஊறிய பிறகு சாப்பிடுவார்கள். தட்டில் இருக்கும் புளிப்பு ஒயினின் புளிப்பைவிடக் கூடுதலாகிவிட்டால் ஒயின் செத்த மாதிரி ஆகிவிடும். குன்றுகளிலிருந்து வந்த நல்ல பாட்டில் தாக்குப்பிடிக்கும், சமவெளி பாட்டில் அங்கேயே படுத்துவிடும். மிளகாய்க் காரத்துக்கும் இது ஆள் இல்லை. ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைக் கூட்டும், ஒயினின் மெல்லிய வாசனை அந்த எரிச்சலில் காணாமல் போகும். செட்டிநாட்டுக் கோழிக்குச் சொவாவே என்று யாராவது மெனுவில் எழுதினால் அது ஒயின் விற்கிற ஆசையே தவிர வேறில்லை.

அப்படியானால் 'தண்ணி' என்றவர்கள் எல்லோருக்கும் நாக்கு செத்துவிட்டதா? இல்லை. அவர்களில் பலர் குடித்தது உண்மையிலேயே தண்ணிதான். இங்கேதான் லேபிள் கதை.

1931-இல் சொவாவே என்ற பெயருக்கு அரசு முதலில் எல்லை போட்டபோது அது குன்றுப் பகுதிக்கு உரியதாக இருந்தது. இன்று 'கிளாசிகோ' என்று அழைக்கப்படுவது கிட்டத்தட்ட அந்தப் பழைய பகுதிதான். 1968-இல் புவிசார் பெயர்ச் சட்டத்தின் கீழ் டி.ஓ.சி. அந்தஸ்து வந்தபோது எல்லை சமவெளிக்கும் நீண்டது. குன்றுக்கும் வண்டலுக்கும் ஒரே பெயர். பொல்லா போன்ற நிறுவனங்கள் அமெரிக்காவில் கடையைப் பிடித்தன. 1970-களின் இறுதியில் அங்கே சொவாவே விற்பனையில் கியாந்தியையே முந்தியது. ஆர்டர் குவிகிறது, பெயர் விற்கிறது, கொடியோ கேட்டதைக் கொடுக்கும் சாதி. பிறகென்ன?

காகிதத்தில் ஒரு சின்னக் கணக்கு. சாதாரண சொவாவேவுக்கு ஒரு ஹெக்டேரில் 15 டன் வரை பறிக்க விதி இடம் கொடுத்தது. பின்னால் வந்த 'சுப்பீரியோரே' வகைக்கு 10 டன்தான். பழத்தில் 70 சதவீதம் ஒயினாகும் என்று வைத்தால், முதல் கணக்கில் 10,500 லிட்டர், அதாவது 14,000 பாட்டில். இரண்டாவதில் 7,000 லிட்டர், சுமார் 9,330 பாட்டில். ஹெக்டேருக்கு அதே வரவு வேண்டுமென்றால் இரண்டாமவர் பாட்டிலுக்கு ஒன்றரை மடங்கு விலை வாங்க வேண்டும். செலவும் அவருக்குத்தான் அதிகம். செங்குத்துச் சரிவில் பந்தல் கட்டி, இயந்திரம் ஏறாத இடத்தில் கையால் பறிக்கிறார். கடையிலோ இரண்டு பாட்டிலிலும் பெரிய எழுத்தில் ஒரே வார்த்தை, சொவாவே. வாங்குகிறவர் எதற்காக ஒன்றரை மடங்கு கொடுப்பார்?

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் 'எலுமிச்சைகளின் சந்தை' என்று எழுதிய கட்டுரைதான். (அமெரிக்கப் பேச்சில் ஓட்டைக் காருக்கு எலுமிச்சை என்று பெயர்.) பழைய கார் சந்தையில் நல்லதையும் ஓட்டையையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், அவர் சராசரிக்குத்தான் விலை கொடுப்பார். அந்த விலை கட்டாத நல்ல கார்க்காரர் சந்தையை விட்டுப் போய்விடுவார். மிஞ்சுவது ஓட்டை. அகர்லாஃப் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் காரை வைத்துச் சொன்னதைச் சொவாவேக்காரர்கள் பாட்டிலை வைத்து நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

'நல்லவர் வெளியேறுவார்' என்ற வரியும் பலித்தது. ரொபெர்டோ அன்செல்மி, மோன்டெஃபோர்டேக்காரர், குன்றுத் தோட்டங்களில் விளைச்சலைக் குறைத்துத் தரத்துக்காகப் போராடியவர். விதிகளோடு மல்லுக்கட்டி வெறுத்துப்போய், 2000-ஐ ஒட்டிச் சொவாவே என்ற பெயரையே உதறினார். அவருடைய 'கபிடெல் க்ரோச்சே', 'கபிடெல் ஃபோஸ்கரீனோ' பாட்டில்கள் அதன்பின் வெறும் 'வெனெட்டோ' என்ற பொதுப் பெயரோடுதான் வந்தன. சொவாவேயின் சிறந்த ஒயின்களில் சில, சொவாவே என்ற வார்த்தை இல்லாமல்!

லியோனில்டோ பியெரோபான் வேறு வழியில் போனார். 1971-இலேயே கல்வரீனோ என்ற ஒரே தோட்டத்துப் பழத்தைத் தனியாகப் போட்டு, தோட்டத்தின் பெயரை லேபிளில் எழுதினார். சொவாவேயில் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 1978-இல் லா ரொக்கா. பெயர் கெட்டுக்கொண்டிருந்த காலம் முழுக்க அதே பெயரோடு நின்றார். 2018-இல் காலமானார்.

இருவரில் யார் செய்தது சரி? அன்செல்மியின் கோபத்தைப் புரிந்துகொள்ள ஒன்றும் சிரமமில்லை. ஆனால் அவருக்கு அன்செல்மி என்ற பெயர் இருந்தது, அதை வைத்து விற்க முடிந்தது. அந்தக் குன்றில் ஓரிரு ஹெக்டேர் வைத்துக்கொண்டு பறித்த பழத்தைக் கூட்டுறவுச் சங்கத்தில் கொண்டுபோய்க் கொட்டும் விவசாயிக்கு என்ன பெயர் இருக்கிறது? 1898-லிருந்து அங்கே கூட்டுறவு உண்டு, பழத்தில் பெரும்பங்கு கூட்டுறவுகளுக்குத்தான் போகிறது. அப்படிப்பட்டவரின் ஒரே சொத்து சொவாவே என்ற ஊர்ப்பெயர். அந்தப் பெயரின் மதிப்பு விழுந்தால் அவருக்கு வெளியேற வேறு கதவு கிடையாது. அந்தக் கதவில்லாதவர்களுக்காகவும் சேர்த்துப் பெயரைத் தாங்கிப் பிடித்தவர் என்பதால் பியெரோபான் பக்கம்தான் நியாயம் கூடுதல்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2001-இல் 'சொவாவே சுப்பீரியோரே'வுக்கு டி.ஓ.சி.ஜி. என்ற மேல் அந்தஸ்து கொடுத்தார்கள். அதில் வேடிக்கை என்னவென்றால் பெரிய கைகள் பலரும் அதைச் சட்டை செய்யவில்லை. கல்வரீனோவும் லா ரொக்காவும் 'சொவாவே கிளாசிகோ' என்ற கீழ்ப்படி அந்தஸ்திலேயே தொடர்ந்தன. ஆக, சட்டப்படி உயர்ந்த வகை ஒன்று, உண்மையில் உயர்ந்த ஒயின் வேறொன்று. வாங்குகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்ள இன்னொரு காரணம். 2019-இல் குன்றுகளையும் சரிவுகளையும் பெயர் சொல்லிப் பிரித்து 33 உட்பகுதிகளை லேபிளில் போட அனுமதித்தது அதைவிட உருப்படியான வேலை. பியெரோபான் 1971-இல் தனியாளாகச் செய்ததைச் சட்டம் செய்ய 48 வருஷம் ஆகியிருக்கிறது.

கடையில் நிற்பவருக்கு இதெல்லாம் எப்படி உதவும்? வெறும் 'சொவாவே' என்று மட்டும் இருந்தால் அது எங்கிருந்தும் வந்திருக்கலாம். 'கிளாசிகோ' என்று இருந்தால் குன்றுப் பக்கம். அதற்கும் கீழே ஒரு தோட்டத்தின் பெயரும் இருந்தால் யாரோ அந்தப் பழத்தைத் தனியாக வைக்க மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று பொருள். வருஷம் பழையது என்று பயப்படவும் வேண்டாம். நல்ல கிளாசிகோ பத்து வருஷம்கூடத் தாங்கும், தேன் வாசனை வரும். விலை மலிவான பாட்டிலில் மட்டும் புதிய வருஷத்தைத் தேட வேண்டும்.

சந்தேகம் இன்னும் இருப்பவர்கள் ஒரே இரவில் இரண்டு பாட்டில் வைத்துப் பார்க்கலாம், வெறும் சொவாவே ஒன்று, தோட்டப் பெயருள்ள கிளாசிகோ ஒன்று. முதலில் தட்டு இல்லாமல் ஆளுக்கு ஒரு வாய். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும், 'இதற்கா இவ்வளவு பேச்சு?' என்று யாராவது கேட்பார்கள். பிறகு சூடாக, வெண்ணெயும் சீஸும் தாராளமாகப் போட்ட பட்டாணிச் சோற்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். எந்தப் பாட்டில் முதலில் காலியாகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.